தம்பி ராசாவுக்கு ஒரு மாலை

என் மகன் கூத்தாடப் போகிறான் என்ற செய்தி அவனுடைய மாமியாரின் வாயால்தான் எனக்கு வந்தது. அந்த நிமிடமே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

"மச்சாள், எங்கட ஊர்க் கூத்தில புள்ள தம்பி ராசாவா ஆடுறான்," என்றாள் தொலைபேசியில். "வாற ஞாயித்துக்கிழமை டவுன்ல, வாவிக்கரையில கலைவிழா. பகல்லதான் கூத்து. நீங்க கட்டாயம் வரணும்."

நான் பெற்றவனை அவள் 'புள்ள' என்கிறாள். என் மகனின் கூத்துக்கு என்னையே விருந்தாளி மாதிரிக் கூப்பிடுகிறாள். "ஓம், வாறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் என்னுடைய முதலாம் வகுப்புப் பிள்ளைகள் காரணமில்லாமல் ஏச்சு வாங்கினார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்தால் ஆண்பிள்ளைதான் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். பெண்ணைப் பெற்றவளுக்கு மகளும் கூடவே இருப்பாள், மருமகனும் வந்து சேருவான். ஆணை மட்டும் பெற்றவள் வாசலில் நின்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டியதுதான். எனக்கு ஒரே மகன். போன வருடம் அவன் வாகரையிலிருந்து களுதாவளைக்குப் போனான். நான் வடக்கே, அவன் தெற்கே, நடுவில் மட்டக்களப்பு டவுன்.

மருமகள் நல்ல பிள்ளை. அவளோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. எனக்குப் பிரச்சினை அவளுடைய தாயோடு, என் சம்பந்தியோடு. அவளிடம் ஏதாவது ஒரு குறை இருந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். தைப்பொங்கலுக்கு வந்து போன மகன் சித்திரை வருடப்பிறப்புக்கு வரவில்லை. வருடப்பிறப்பன்று பெரியவர்கள் கொடுக்கும் கைவிசேடக் காசையும் மாமியார் கையால் வாங்கினான். அந்தக் கிழமை அவள் தன் தோட்டத்து மரக்கறியை ஒரு சாக்கு நிறையக் கட்டி எனக்கு அனுப்பிவைத்தாள். கத்தரிக்காய் எல்லாம் எண்ணெய் தடவினது போல மினுங்கின. பாதியை அயலில் கொடுத்தேன். மீதியைச் சமைத்தேன். ருசியாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

விழா நாள் விடியற்காலையில் நான் நந்தியாவட்டைப் பூப் பறித்து மாலை கட்டிக்கொண்டிருந்தபோது, கடலால் வந்த என் மனிசன் வலையை உதறிக்கொண்டே என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"கூத்துப் பாக்கப் போறியா, சண்டைக்குப் போறியா?"

"உங்களுக்கென்ன. நீங்க வராட்டி வலையோட இரிங்க."

"என்ட அம்மாவும் இப்பிடித்தான் இரிந்திருப்பா, நான் உங்கட வீட்டுக்கு வந்த நேரம்," என்றார்.

அவர் எங்கள் அம்மாவின் வீட்டுக்கு வந்து குடியிருந்தவர்தான். அவருடைய தாய் அந்த நாட்களில் என்ன பாடுபட்டிருப்பார் என்று நான் யோசித்ததே இல்லை. அன்று காலையிலும் யோசிக்க எனக்கு நேரமிருக்கவில்லை. மாலையை ஈரத் துணியில் சுற்றி, வாழை மடலுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அந்த மாலை சும்மா மாலையல்ல. எங்கள் ஊர்க் கூத்தில் ஒருவன் வேடம் கட்டிக் களரிக்கு வரும்போது அவனுடைய சொந்தக்காரர் எழுந்து போய் மாலை போடுவார்கள், சால்வை போர்த்துவார்கள், வெடி கொளுத்துவார்கள். கூத்து அதற்காகக் கொஞ்ச நேரம் நிற்கும். யார் முதலில் போடுகிறார்கள் என்று சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். இவன் யாருடைய பிள்ளை என்று அந்த இடத்தில்தான் முடிவாகும். பெற்றது நான் என்பது களுதாவளைக்காரருக்குத் தெரியாது. அவர்களுக்கு அவன் இன்ன வீட்டு மருமகன், அவ்வளவுதான். முதல் மாலை என்னுடையதாக இருக்க வேண்டும் என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டுதான் போனேன்.

ஏறாவூரில் பஸ் நின்று போனது. என்ன கோளாறு என்று ஓட்டுநருக்கும் தெரியவில்லை. வெளியே கச்சான் காற்று அனலாக அடித்தது. மடியில் வைத்திருந்த வாழை மடலுக்குப் போத்தல் தண்ணீரில் பாதியைத் தெளித்துவிட்டு நான் நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு பஸ் பிடித்து டவுனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் திரும்பிவிட்டது.

வாவிக்கரை அன்று அழகாகத்தான் இருந்தது. அதை ரசிக்கிற மனம்தான் என்னிடம் இல்லை. மரத்துக்கு மரம் கயிறு கட்டி, உடுப்புக் காயப்போடுவது போலக் கிளிப் மாட்டி ஓவியங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்று ஒன்றைப் பிய்த்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போக, வரைந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். ஒரு பக்கம் பறைமேளம். இன்னொரு பக்கம் ஒரு பெண் கவிதை வாசித்துக்கொண்டிருந்தாள். ஒலிவாங்கி நடுநடுவே கீச்சிட்டு அவளுடைய நல்ல வரிகளையெல்லாம் தின்றது. ஏறாவூர்க்காரர் ஒருவர் சர்பத் கரைத்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு தாயும் வளர்ந்த மகனும் ஒரே கிளாஸில் மாறி மாறிக் குடித்தார்கள். அந்த மனிசியை எனக்கு முன்பின் தெரியாது. இருந்தும் அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது.

களரி என்று மருத மரத்தடியில் மண்ணை வட்டமாகக் கொட்டி உயர்த்தியிருந்தார்கள். விடிய விடிய ஆட வேண்டிய கூத்தை, அழைக்கப்பட்டவர்கள் நாற்காலியில் இருந்து பார்த்துவிட்டுத் தேநீருக்குப் போவதற்காக ஒரு மணித்தியாலத்துக்குள் வெட்டிச் சுருக்கியிருந்தார்கள். நாற்காலிகளுக்குப் பின்னால் சனம் பாய் விரித்திருந்தது. அதில் முன்னுக்கு, நிழல் விழுகிற இடமாகப் பார்த்து, என் சம்பந்தி பெரிய பாயொன்றை விரித்து எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தாள். பக்கத்தில் குடை, விசிறி, தண்ணீர்ப் போத்தல், வெட்டுவதற்கு ஆயத்தமாகச் செவ்விளநீர். இப்படி ஆயத்தமாக இருப்பவர்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

"வாங்க மச்சாள். வெயிலுக்க முகமே கறுத்துப் போச்சு. இஞ்ச இரிங்க," என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மருமகள் விசிறினாள்.

"மகன் எங்க? ஒருக்காப் பாத்துட்டு வாறன்."

"இப்ப உள்ளுக்க விடமாட்டாங்க மாமி," என்றாள் மருமகள். "உடுப்புக் கட்டுறாங்க. அண்ணாவியார் ஏசுவார்."

அண்ணாவியார் என்பவர் கூத்தைப் பழக்கி மத்தளம் அடிப்பவர். அந்த நேரத்தில் அவர் சொல்வதுதான் சட்டம். சரி என்று பேசாமல் இருந்திருப்பேன். சம்பந்தி விடவில்லை.

"நான் முந்திப் போய்ப் பாத்துட்டன் மச்சாள். பசிக்கிறெண்டான். கையெல்லாம் சாயம். அதால நான்தான் சோறு தீத்திவிட்டன்."

தீத்திவிட்டாளாம். படகு எஞ்சின் கழற்றிப் பூட்டுகிற ஆம்பிளைக்கு, கல்யாணம் முடித்தவனுக்கு, அவள் கையால் உருட்டிச் சோறு தீத்தியிருக்கிறாள். அவனுக்கு நான் கடைசியாகத் தீத்தியது அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில். அதற்குப் பிறகு என்னைக் கிட்ட வரவிடவில்லை. அவள் வெட்டித் தந்த இளநீரைக் குடிக்காமல் மருமகளிடம் நீட்டிவிட்டேன்.

அவளுடைய பைக்குள் எட்டிப் பார்த்தேன். பொன்கரை போட்ட பட்டுச் சால்வை மடித்தபடி இருந்தது. அவளுடைய தம்பிக்காரர் வெடிக்கட்டோடு மரத்தடியில் ஆயத்தமாக நின்றார். என்னிடம் இருந்தது நந்தியாவட்டை மாலை, அதுவும் ஓரம் வாடத் தொடங்கியது.

"அதைத் தாங்க மச்சாள், தண்ணி தெளிச்சு நிழல்ல வைக்கிறன்," என்று கை நீட்டினாள்.

"வேணாம். வாடல்ல," என்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு கால் மரத்துவிட்டது என்று சாட்டுச் சொல்லி, பாயின் முன் நுனிக்கு நகர்ந்தேன். அங்கிருந்து களரிக்கு ஒரு பாய்ச்சல்தான்.

மத்தளத்தில் அடி விழுந்தது. சல்லரித் தாளம் சேர்ந்தது. இரண்டு பேர் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கூத்தில் ராசாக்கள் அந்தத் திரைக்குப் பின்னால்தான் வருவார்கள். முறைப்படி ஆடுகிற கூத்தாக இருந்தால் அண்ணன் ராசா தனியாக வந்து, பாடி, ஆடி, மாலை வாங்கி, இருந்த பிறகுதான் தம்பி ராசா வருவான். ஒருவர் பிள்ளையை இன்னொருவர் பிள்ளையோடு மாறுவதற்கு இடமே இல்லை. இந்தப் பகல் கூத்தில் நேரம் மிச்சம் பிடிப்பதற்காக அண்ணாவியார் இரண்டு பேரையும் ஒரே திரையில் இறக்கினார்.

திரை விழுந்தது. இரண்டு ராசாக்கள். ஒரே மாதிரிக் கரப்பு உடுப்பு, இடுப்புக்குக் கீழே கூடையாக விரிந்து நிற்பது. ஒரே மாதிரிக் கண்ணாடி ஒட்டின கிரீட முடி, நெற்றியையும் காதையும் மூடிக்கொண்டு. ஒரே மாதிரி வெள்ளைப் பூச்சு, மை மீசை. ஒருவன் மெலிந்தவன், மற்றவன் தடித்தவன். நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. என் மகன் பிறந்ததிலிருந்தே மெலிவு. என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாது, கழுத்தெலும்பு தெரியும். அதோடு தம்பி ராசா என்றால் சின்ன ஆள்தானே. பின்னால் பாய் சரசரத்தது. சம்பந்தி எழும்புகிறாள் என்று தெரிந்தது. நான் விழுந்தடித்து ஓடினேன்.

மெலிந்த ராசாவின் முன்னால் போய் நின்று எம்பினேன். அவன் முடி சரியாமல் குனிந்து கொடுத்தான். கழுத்தில் மாலையைப் போட்டேன். என்னைப் பார்த்து அவனுடைய கண் பெரிதாக விரிந்தது. அம்மாவைக் கண்ட சந்தோஷம் என்று நினைத்தேன். கன்னத்தைத் தடவப் போய், பூச்சு அழியும் என்று கையை எடுத்துக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். நான் முந்திவிட்டேன் என்பதை அவளுடைய முகத்தில் பார்க்க வேண்டும் போல இருந்தது.

அவள் சால்வையை விரித்துப் பிடித்தபடி மற்ற ராசாவின் பக்கமாக வந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள். ஒரு கணம்தான். அப்படியே திரும்பி என்னிடம் வந்து, நான் மாலை போட்டவனுக்கே சால்வையைப் போர்த்தினாள். மரத்தடியில் வெடி வெடித்தது. சனம் கைதட்டியது. தோற்றுப்போன தடுமாற்றம் என்று நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். அவளோடு சேர்ந்து பாய்க்கு வந்தபோது, நாளெல்லாம் இல்லாத தாராளத்தோடு அவளுக்குத் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு என் மாலை போட்ட ராசா பாடினான். கரகரத்த குரல். வெயிலில் தொண்டை கட்டிவிட்டது, பாவம், என்று நினைத்தேன். பாட்டில் அவன் மற்றவனைத் 'தம்பியே' என்று விளித்தான். ஏன் அப்படிப் பாடுகிறான் என்று விளங்கவில்லை. அடுத்ததாகத் தடித்த ராசா முன்னால் வந்து வாயைத் திறந்தான்.

அது என் மகனின் குரல். வீட்டின் பின்புறம் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, கையெல்லாம் கிறீஸோடு பாடுகிற அதே குரல். இப்போது பார்த்தேன். கன்னம் உப்பியிருந்தது. கழுத்தெலும்பைக் காணவில்லை. மார்புக் கட்டு பிதுங்கி நின்றது. தைப்பொங்கலுக்குப் பிறகு எனக்குத் தெரியாமல் என் மகன் கொழுத்துப் போயிருக்கிறான். கத்தரிக்காயும் தயிரும் தீத்திவிட்ட சோறுமாக அவள் அவனை வேறு ஆளாக்கி வைத்திருக்கிறாள். நான் இத்தனை வருடம் முட்டை அவித்தும் மீன் பொரித்தும் ஏறாத சதை, அவளுடைய வீட்டில் அரை வருடத்தில் ஏறியிருக்கிறது.

அவன் வெறுங்கழுத்தோடு ஆடினான். பக்கத்தில் மற்றவன் மாலையும் சால்வையுமாக நின்றான்.

சம்பந்தியைப் பார்த்தேன். அவள் களரியை விட்டுக் கண்ணை எடுக்காமல் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், தெரிஞ்சுதான் போட்டீங்களா?" என்றேன் மெதுவாக.

"சும்மா இரிங்க. சனம் பாக்குது."

"உங்களுக்கு ஆள் தெரிஞ்சிதா இல்லையா?"

"தெரிஞ்சிது," என்றாள். "நீங்க ஒருத்தனுக்குப் போட்டு, நான் மத்தவனுக்குப் போட்டா, பெத்தவளுக்குப் புள்ளயத் தெரியல்ல எண்டு சனம் சிரிக்காதா? இப்ப என்ன, அந்தப் பொடியனும் எங்கட ஆக்கள் எண்டு நினைக்குங்கள். அவ்வளவுதானே."

அவள் அதை இரக்கம் காட்டும் குரலில் சொல்லவில்லை. கறிக்கு உப்புப் போட்டதைச் சொல்வது போலச் சொன்னாள். நன்றி வர வேண்டிய இடத்தில் எனக்குப் பொறாமை இன்னும் கிளர்ந்தது. அவளுடைய இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். நேரே போய்ச் சரியான ஆளுக்குச் சால்வையைப் போர்த்திவிட்டு, வாழ்நாள் முழுவதும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். இதிலும் அவள் என்னைவிட நல்லவள். மகனைக் கண்டுபிடித்தவள் அவள், என் மானத்தைக் காத்தவளும் அவள். எனக்கென்று அங்கே மிச்சமிருந்தது காலியான ஒரு வாழை மடல் மட்டும்தான். மீதிக் கூத்தில் யார் வென்றார்கள், யார் மாண்டார்கள் என்று எனக்கு நினைவில்லை.

கூத்து முடிந்து நாற்காலிக்காரர் தேநீருக்கு எழும்பினார்கள். மகன் முடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தான். தலைமயிர் வியர்வையில் ஒட்டியிருந்தது. மை மீசை ஒரு பக்கம் கரைந்து வாயோரம் வந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன் சம்பந்தி முந்திக்கொண்டாள்.

"நான்தான் மனே ஆள மாறிட்டன். வெயிலுக்கக் கண் கூசிப் போச்சு. அம்மா என்னப் பாத்துத்தான் அவனுக்குப் போட்டா."

அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கஷ்டப்பட்டுச் சிரித்தான்.

"அதுக்கென்ன மாமி. பரவாயில்ல. வெயில்தானே. நீங்க தண்ணி குடிச்சீங்களா?"

அந்தப் பேச்சு என் காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்தேன். பள்ளிக்கூடத்து அதிபரோடும் கிராம சேவகரோடும் அவன் பேசுகிற பேச்சு அது. மரியாதையான பேச்சு. மனதில் கொதிப்பதை விழுங்கிக்கொண்டு பேசுகிற பேச்சு. என்னோடு அவன் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. கறியில் உப்புக் கூடினால் சோற்றுக் கோப்பையைத் தள்ளுவான். சாவியை இடம் மாற்றி வைத்தால் வீடு அதிரும். அவன் போன பிறகு என்னை ஏசுவதற்கு வீட்டில் ஆளில்லை. மனிசன் சிரிப்பாரே தவிர ஏசமாட்டார்.

"பொய்," என்றேன். "மாமியில பிழையில்ல. முதல்ல போட்டது நான். நீ எண்டு நினைச்சு நான்தான் ஓடிப் போய்ப் போட்டன். என்ட முகத்துக்காகத்தான் அவவும் அவனுக்கே போட்டா."

மகனின் சிரிப்பு நின்றது. கையிலிருந்த முடியைப் பாயில் வைத்தான். பிறகு வெடித்தான்.

"உங்களுக்கென்ன விசராம்மா? பெத்த புள்ளயத் தெரியல்லையா? திரை விழுந்த உடனே நான் உங்களத்தான் தேடினன். ஓடி வாறீங்க எண்டு கழுத்த நீட்டிட்டு நிக்கிறன், நீங்க பக்கத்தில நிக்கிறவனுக்குப் போட்டுட்டுக் கன்னத்தத் தடவப் போறீங்க! சனத்துக்கு முன்னால வெறுங்கழுத்தோட ஆடினன். கண்ணுக்குக் கண்ணாடி எடுங்க, எடுங்க எண்டு எத்தின தரம் சொன்னன்? சொன்னாக் கேக்கிறல்ல. ஒண்டும் கேக்கிறல்ல!"

குரல் உடைந்தது. பக்கத்துப் பாய்க்காரர் திரும்பிப் பார்த்தார்கள். மருமகள் அவனுடைய கையைப் பிடித்து இழுத்தாள். அவன் உதறிவிட்டு இன்னும் ஏசினான். பஸ்ஸில் வரும்போது போன் எடுக்காததற்கு ஏசினான். வெயிலில் குடையில்லாமல் வந்ததற்கு ஏசினான். நான் ஒரு சொல்லும் தவறாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

சம்பந்திக்குப் பொறுக்கவில்லை. நடுவில் வந்து அவனுடைய தோளைத் தொட்டாள்.

"போதும் மனே, அம்மா பாவம். ஏசாத."

"நீங்க சும்மா இரிங்க மச்சாள்," என்றேன். "அவன் என்னைத்தானே ஏசுறான்."